குத்தகை நிலமா, சொந்தக் காணியா? மெய்நிகர் உலகில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்கு

போன மாதம் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மன்னார்குடியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர்: “தம்பி, பையனும் பொண்ணும் வெளிநாட்டுல. பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல. செகண்ட் லைஃப்னு ஒண்ணு இருக்காமே, அதுல போனா நாலு பேரைப் பார்க்கலாமா?” தஞ்சாவூரில் கட்டடக்கலை படிக்கும் பெண்: “அண்ணா, குத்தாலத்துல எங்க அப்பாயி வீட்டை இடிக்கப் போறாங்க. அதுக்குள்ள அதை அப்படியே கம்ப்யூட்டர்ல கட்டி வச்சிடணும், உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி.” திருவாரூர் அக்கா ஒருவர்: “பத்து வயசுப் பையன் ரோப்லாக்ஸ் ரோப்லாக்ஸ்னு உயிரை வாங்குறான். விடலாமா, வேணாமா?”

மூவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிவிட்டேன். சொன்னதைச் சேர்த்து எழுதிவைத்தால் அடுத்து கேட்பவர்களுக்கும் ஆகும். நான் கும்பகோணத்தில் டிசைன் வேலை பார்க்கிறவன். பத்து வருடங்களுக்கு மேலாக ராத்திரி நேரங்களில், கணினிக்குள் ஓர் உருவம் எடுத்து உலாவும் இந்த மெய்நிகர் உலகங்களில் சுற்றியிருக்கிறேன், ஏமாந்தும் இருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், உள்ளே போய் என்ன செய்யப் போகிறீர்கள்? ஆட்களோடு பேசவா, எதையாவது கட்டவா, விளையாடவா? மூன்றுக்கும் ஒரே இடம் சரிவராது. “எல்லாமும்தான்” என்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது வீட்டு நிலவரம். உங்களிடம் இருப்பது அரசு கொடுத்த பழைய மடிக்கணினியா, கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினியா, வெறும் போனா? நெட் எப்படி? கடைமடைக்கு வரும் ஆற்றுத் தண்ணீர் மாதிரி சில ஊர்களில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் நெட் ஒழுங்காக வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் கணக்கில் வைக்காமல் தேர்ந்தெடுத்தால் பழி அந்த உலகத்தின் மேல் விழும்.

காசு மூன்றாவது. எல்லாமே ‘இலவசம்’ என்றுதான் வாசலில் எழுதியிருக்கும்.

நான்காவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: நீங்கள் கட்டுவது யார் கையில் இருக்கும்? டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குத்தகை நிலத்தில் எத்தனை போகம் நன்றாக விளைந்தாலும் பட்டா வேறு ஒருவர் பெயரில்தான். சொந்தக் காணி என்றால் வரப்பு வெட்டுவதிலிருந்து வடிகால் தூர்வாருவது வரை எல்லாம் நம் தலையில். மெய்நிகர் உலகத்தில் புதிதாக நுழைகிற யாரும் இதை யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வயது விவகாரம் ஐந்தாவது. அதை ரோப்லாக்ஸ் வரும்போது பேசலாம்.

## செகண்ட் லைஃப்: நல்ல குத்தகை

சான் ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் இதைத் தொடங்கியது. இருபது வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது; இந்தத் துறையில் அது பெரிய ஆயுள். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் எதுவும் இங்கே கிடையாது. ஓர் உருவம் எடுத்துக்கொண்டு நடக்கலாம், பறக்கலாம், கச்சேரி கேட்கலாம், கடை போடலாம், கட்டலாம். கணக்கு இலவசம். உள்ளே புழங்கும் பணம் லிண்டன் டாலர். 250 சொச்சம் கொடுத்தால் ஓர் அமெரிக்க டாலர் என்ற கணக்கில் ஏறி இறங்கும்.

நிலம் ‘ரீஜன்’ என்ற அளவில் இருக்கிறது. 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது சுமார் 16 ஏக்கர். நம் கணக்கில் இரண்டரை வேலிக்குக் கொஞ்சம் குறைவு. தஞ்சைப் பெரிய கோயிலின் உள் பிராகாரம் ஏறக்குறைய 241 மீட்டருக்கு 122 மீட்டர். முழு அளவில் கட்டினாலும் ஒரே ரீஜனுக்குள் அடங்கிவிடும். ஆனால் கட்டடத் துண்டு ஒன்றின் (அதற்கு ‘பிரிம்’ என்று பெயர்) அதிகபட்ச நீளம் 64 மீட்டர். சுமார் 66 மீட்டர் என்று சொல்லப்படும் விமானத்தை ஒரே துண்டால் எட்ட முடியாது. ராஜராஜன் ஜெயித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழு ரீஜன் எடுத்தால் மாதம் 200 டாலருக்கு மேல். அது நமக்கான கணக்கு இல்லை. வருடத்துக்கு 100 டாலர் அளவில் ‘பிரீமியம்’ சந்தா கட்டினால் 1024 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட், முக்கால் மா நிலம் தனி வாடகை இல்லாமல் கிடைக்கும்; அதற்குப் பதில் கட்டித் தயாராக இருக்கும் வீடாகவும் வாங்கிக்கொள்ளலாம். சந்தாவே இல்லாமல், ‘சேண்ட்பாக்ஸ்’ எனப்படும் பொது மைதானங்களில் இலவசமாகக் கட்டிப் பழகலாம். சில மணி நேரத்தில் எல்லாம் உங்கள் பெட்டிக்குத் திருப்பி அனுப்பப்படும், அவ்வளவுதான்.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். திரை நிறைய பட்டன்கள், உருவமோ சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆல்ட் விசையை அழுத்தியபடி மவுஸை இழுத்தால் பார்வை தனியாகச் சுற்றும். இந்த ஒன்றைப் பழகினாலே பாதி எரிச்சல் போய்விடும். தன்னார்வலர்கள் உள்ளேயே நடத்தும் கேலிடன் ஆக்ஸ்பிரிட்ஜ் பள்ளியில் அடிப்படைகளைப் படிப்படியாகக் கற்கலாம். கட்டக் கற்றுக்கொள்ள பில்டர்ஸ் புருவரி.

ஒளிந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். கணினிதான் முதல் செலவு. 2024-இல் பி.பி.ஆர். என்ற புது ஒளியமைப்பு வந்தபிறகு பழைய மடிக்கணினிகள் இன்னும் திணறுகின்றன. எவ்வளவு தூரம் வரை திரையில் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லும் ‘டிரா டிஸ்டன்ஸ்’ அமைப்பை 64 மீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள், மூச்சு வரும். போன் செயலியும் வந்திருக்கிறது; சுற்றவும் பேசவும் போதும், கட்ட முடியாது. அப்புறம் டேட்டா: நீங்கள் நகர நகர ஊரே இறங்கிக்கொண்டிருக்கும், தினசரி ஒன்றரை ஜிபி பேக் ஒரு ராத்திரிக்குக்கூட வராமல் போகலாம். படம், ஒலி என்று வெளியிலிருந்து எதை ஏற்றினாலும் சாதாரணக் கணக்குக்குச் சில லிண்டன் டாலர் பிடிப்பார்கள். கார்டு விஷயமும் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், நாமே திறக்க வேண்டும். டாலரில் கட்டும்போது வங்கி தன் பங்குக்குச் சதவீதக் கணக்கில் ஒரு கட்டணம் போடும்.

நிலம் வைத்திருக்கும் தனிநபர்களிடம் வார வாடகைக்கு எடுப்பதும் உண்டு. ஒரு கல்யாண வாரத்தில் நான் வாடகை கட்ட மறந்தேன். திரும்பி வந்தபோது வீடு இல்லை. சாமான் எல்லாம் என் பெட்டியில் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற அறைக்குள், பந்தல் பிரித்த மூங்கில் மாதிரி ஒரே கட்டாகக் கிடந்தது. எதுவும் தொலையவில்லை, ஆனால் எது எங்கே இருந்தது என்பது போயே போய்விட்டது.

யாருக்கு நல்லது? ஆட்களைத் தேடுபவர்களுக்கு. இங்கே ஒரு வேடிக்கை: நிகழ்ச்சிகள் அமெரிக்க மேற்குக் கரை நேரப்படிதான் அறிவிக்கப்படும். அங்கே சாயங்காலம் 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 7:30, அவர்களுடைய குளிர்காலத்தில் 8:30. ராத்திரி வேலைக்குப் பிறகு நுழைகிற என்னைப் போன்றவர்களைவிட, காலையில் டிகிரி காபியோடு உட்கார நேரம் இருக்கும் மன்னார்குடிக்காரருக்குத்தான் கூட்டம் வாய்க்கும். பொது, மிதம், வயது வந்தோர் என மூன்று தரமாக இடங்களைப் பிரித்திருக்கிறார்கள்; முதலிரண்டோடு நிறுத்திக்கொண்டால் முகம் சுளிக்க வேண்டிய காட்சிகள் பெரும்பாலும் வராது. பழகிய மூன்றாம் நாளே பணக் கஷ்டம் சொல்கிற ஆள் அங்கேயும் உண்டு.

(முக்கிய சர்வர் தொகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அக்னி’, சோதனைத் தொகுதிக்கு ‘அதிதி’. முதன்முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது.)

## ஓப்பன்சிமுலேட்டர்: சொந்தக் காணி

செகண்ட் லைஃபின் மாதிரியில் 2007-இல் தொடங்கிய திறமூல மென்பொருள் (அதன் நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்). சுருக்கமாக ஓப்பன்சிம். இதை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். ஃபயர்ஸ்டார்ம் என்ற உலாவி (இணைய உலாவி இல்லை, இந்த உலகங்களுக்குள் நுழைவதற்கான மென்பொருள்) செகண்ட் லைஃபுக்கும் இதற்கும் பொது. இங்கே கற்றது அங்கே கைகொடுக்கும். நிலத்துக்கு வாடகை இல்லை, படம் ஏற்றக் காசு இல்லை, 256 மீட்டருக்கு மேல் பெரிய நிலம் வேண்டுமென்றாலும் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

நிறுவுவது பார்க்கத்தான் பயமாக இருக்கும். மென்பொருளை இறக்கி விரித்து, அது ஓடத் தேவையான டாட்நெட் இருக்கிறதா என்று பார்த்து, ஓட்டினால் கறுப்புத் திரை ஒன்று வரும். நிலத்தின் பெயர் என்ன, எந்த இடத்தில், எந்த போர்ட் (கணினியின் வாசல் எண் மாதிரி) என்று கேட்கும். பெயரைத் தவிர மற்றவற்றுக்கு என்டர் தட்டிக்கொண்டே போகலாம். அப்புறம் உரிமையாளர் பெயரும் கடவுச்சொல்லும். முடிந்தது. உலாவியில் உங்கள் கணினியின் முகவரியையும் 9000 என்ற போர்ட்டையும் கொடுத்து நுழைந்தால், கடல் நடுவில் ஒரு சின்ன மேட்டில் தனியாக நிற்பீர்கள்.

தஞ்சாவூர்ப் பெண் இங்கேதான் தொடங்கினாள். முதல் நாள் திண்ணை. அரை மீட்டர் கனசதுரம் ஒன்றை வைத்து, அளவுப் பெட்டியில் நாலு மீட்டர் நீளம், தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம், அறுபது உயரம் என்று போட்டாள். குத்தாலத்தில் டேப் வைத்து எடுத்த அளவு. அச்சு அசலாக வந்தது, ஆனால் பார்க்கக் குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. நிலைப்படியில் நுழைந்ததும் இன்னும் மோசம். நாம் பார்ப்பது உருவத்தின் கண் வழியாக இல்லை. தலைக்கு மேலே, பின்னால் மிதக்கும் கேமரா வழியாக. குனிந்து நுழைகிற அந்தக் காலத்து வாசலில் உருவம் உள்ளே போய்விடும், கேமரா ஓட்டுக்கு மேலே மாட்டிக்கொள்ளும். இந்த உலகங்களில் கட்டுபவர்கள் நிஜ அளவைவிடக் கால் பங்கோ அதற்கு மேலோ பெருக்கிக் கட்டுவது இதனால்தான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “குனியாம நுழைஞ்சா அது அப்பாயி வீடு இல்லண்ணா” என்றாள். கடைசியில் மவுஸ்லுக் எனப்படும் கண்வழிப் பார்வையில் நடக்கலாம் என்று முடிவாகி, அளவு அப்படியே இருக்கிறது. அவள் செய்ததுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது.

இதன் மறைவான செலவு தனிமை. பக்கத்து வீடு கிடையாது. நண்பர்களை வரவழைக்க வேண்டுமென்றால் ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டும். பல வீட்டு இணைப்புகளில் தனிப் பொது முகவரி கொடுப்பதில்லை என்பதால் அதுவும் சுலபமில்லை. கேட்டுப் பாருங்கள், சிலர் கூடுதல் கட்டணத்துக்குத் தருகிறார்கள். இல்லையென்றால் ஓஎஸ்கிரிட் போன்ற பொதுத் தொகுதிகளில் கணக்கு தொடங்கி, ஹைப்பர்கிரிட் வழியாக ஊர் ஊராகப் போய் வரலாம். அங்கே இலவசமாகக் கிடைக்கும் சாமான்களில் களவாடிய சரக்கும் கலந்திருக்கும். யார் செய்தது என்று பார்த்து எடுங்கள்.

இன்னொரு செலவு பாதுகாத்து வைப்பது. கட்டியது அந்த நொடியே வட்டில் எழுதப்படாது. கொஞ்சம் தாமதித்துத்தான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் கடைசியாகச் செய்தது போகும், தரவுத்தளமே கெடவும் வாய்ப்பு உண்டு. முழு நிலத்தையும் ஓ.ஏ.ஆர். என்ற ஒரே கோப்பாக எடுத்து வைக்கலாம். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான் வேலை.

அந்த ஒரு கோப்பைக் கேட்டு வாங்கி வைக்காமல் நான் இழந்த கதை இது. சில வருடங்களுக்கு முன், யாரோ ஒருவர் நடத்திய சின்னத் தொகுதியில் மலிவு வாடகைக்கு இடம் எடுத்து மகாமகக் குளத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பதினாறு மண்டபம். பதினொன்றை முடித்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை நுழைந்தால் தொடர்பு கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கிடைக்கவில்லை. நடத்தியவரின் மின்னஞ்சலும் திரும்பி வந்தது. கோப்பாக எடுத்து வைத்திருந்தால் வேறு எங்கேயாவது விரித்திருக்கலாம். ஓப்பன்சிம் என்ற பெயர் இருந்தாலும் அடுத்தவர் சர்வரில் இருந்தால் அதுவும் குத்தகைதான், செகண்ட் லைஃபைவிட மோசமான குத்தகை.

## லுவான்டி: பிள்ளைகளோடு தொடங்க

மைன்கிராஃப்ட் தெரியாத பிள்ளை இல்லை. அதே பாணியில், 2010-இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி, 2024-இல் லுவான்டி என்று பெயர் மாற்றிக்கொண்ட திறமூல மென்பொருள் இது. முழுக்க இலவசம். பழைய மடிக்கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், நெட் இல்லாமலும் ஓடும். ஒரே வைஃபையில் அண்ணன் ‘சர்வர்’ என்று டிக் செய்து தொடங்கினால் தங்கை அவன் முகவரியையும் 30000 போர்ட்டையும் கொடுத்து உள்ளே வரலாம். வெளியாள் யாரும் இல்லை. மழை நாளில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஒன்று கவனியுங்கள்: இறக்கியதும் உள்ளே ஆட்டம் எதுவும் இருக்காது, காலியாகத்தான் திறக்கும். உள்ளடக்கப் பட்டியலுக்குப் போய் வாக்சலிப்ரே, மினக்ளோனியா மாதிரி ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டும். இதைத் தெரியாமல் “வேலை செய்யல” என்று நீக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். உலகம் முழுவதும் ஒரு ஃபோல்டரில் இருக்கும். பென் டிரைவில் நகலெடுத்தால் உங்கள் சொத்து.

குறை என்றால், எல்லாம் ஒரு மீட்டர்க் கட்டிதான். திண்ணைக்கு அரைக்கட்டி வைத்துச் சமாளிக்கலாம். உருண்டைத் தேக்குத் தூணுக்கு வழியில்லை. மைன்கிராஃப்டில் மெருகும் நண்பர் கூட்டமும் அதிகம், ஆனால் விலை கொடுக்க வேண்டும். போனுக்கு வாங்கியது கணினிக்குச் செல்லாது. பள்ளி நண்பர்கள் எல்லாரும் அதில்தான் என்றால் வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் அவசரம் இல்லை.

## ரோப்லாக்ஸ்: சந்தைக்கடை

2006-இலிருந்து இருக்கும் இணைய விளையாட்டுத் தளம். சாதாரண போனில் ஓடும், கூட்டம் சொல்லி மாளாது. ஆட்டங்களில் பெரும்பகுதி பயனர்களே செய்தவை. அவற்றைச் செய்ய உதவும் ரோப்லாக்ஸ் ஸ்டுடியோ இலவசம். லுவாவ் மொழியில் நிரல் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் நிரல் ஆசை உள்ள பிள்ளைக்கு இது நிஜமாகவே நல்ல பள்ளிக்கூடம். ஆனால் ஸ்டுடியோவுக்கு விண்டோஸ் அல்லது மேக் கணினி வேண்டும். போனோடு நின்றால் பிள்ளை வாடிக்கையாளராகத்தான் இருப்பான்.

செலவு ரோபக்ஸ் என்ற உள்ளே புழங்கும் பணத்தில் இருக்கிறது. சட்டை, வாள், நாய்க்குட்டி என்று ஒவ்வொன்றுக்கும் கை நீளும். ஸ்டுடியோவில் செய்ததைக் கோப்பாகச் சேமிக்கலாம் என்றாலும் அது ரோப்லாக்ஸில் மட்டும்தான் ஓடும். விதைநெல் நம்மிடம், வயல் அவர்களுடையது. “விளையாடியே சம்பாதிக்கலாம்” என்று பையன் சொன்னால், காசாக மாற்றக் குறைந்தது 30,000 ரோபக்ஸ் சம்பாதித்திருக்க வேண்டும், வயது 13 ஆகியிருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

திருவாரூர் அக்காவுக்குச் சொன்னது: விடுவதானால் உங்கள் பெயரில் பெற்றோர் கணக்கு தொடங்கி அவன் கணக்கோடு இணையுங்கள், உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள், செலவு வரம்பைப் பூஜ்யத்தில் வையுங்கள், அந்நியரோடு அரட்டை அடிக்கும் வசதியை மூடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். போன் கூடத்தில் இருக்கட்டும்.

## விஆர்சாட்

ஆட்களோடு கூடிப் பேசுவதற்கான இன்னொரு உலகம். கண்ணை மூடும் வி.ஆர். தலைக்கருவி மாட்டித்தான் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவசியமில்லை, சாதாரணக் கணினித் திரையிலும் போகலாம். ஆனால் குரல்தான் இங்கே மொழி, ஓயாத ஆங்கில இரைச்சல். சொந்தமாகக் கட்ட யூனிட்டி என்ற மென்பொருளைக் கற்க வேண்டும், புதுக் கணக்குக்கு உடனே ஏற்றும் அனுமதியும் கிடைக்காது. முதல் படியாக நான் யாருக்கும் சொல்வதில்லை.

## ஒரே பார்வையில்

| எது | தொடங்க என்ன வேண்டும் | ஆட்கள் | கட்டியது யார் கையில் | ஒளிந்த செலவு |
|---|---|---|---|---|
| செகண்ட் லைஃப் | நல்ல கணினி, நல்ல நெட் | நிறைய, காலையில் | நிறுவனத்தின் கையில் | வாடகை, டேட்டா, கார்டு கட்டணம் |
| ஓப்பன்சிம் (சொந்தக் கணினி) | நடுத்தரக் கணினி, பொறுமை | யாரும் இல்லை | உங்கள் கையில் | உங்கள் நேரம், நகல் எடுக்கும் வேலை |
| லுவான்டி | பழைய மடிக்கணினி அல்லது போன் | வீட்டு ஆட்கள் | உங்கள் கையில் | ஏறக்குறைய இல்லை |
| ரோப்லாக்ஸ் | போன்; கட்டக் கணினி | பெருங்கூட்டம், பிள்ளைகள் | நிறுவனத்தின் கையில் | ரோபக்ஸ், கண்காணிப்பு |
| விஆர்சாட் | நல்ல கணினி, மைக் | நிறைய | நிறுவனத்தின் கையில் | யூனிட்டி கற்கும் காலம் |

## யார் எங்கே போனார்கள்

மன்னார்குடிக்காரர் செகண்ட் லைஃபில். முதல் மாதம் ஒரு பைசா கட்டக்கூடாது, நிலம் வாங்கக்கூடாது, சுற்றிப் பார்ப்பது மட்டும் என்று ஒப்பந்தம். யாருக்கும் இதையேதான் சொல்வேன். சந்தாவை முதல் வாரத்திலேயே கட்டியவர்களில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் இப்போது ஒரு ஜாஸ் கிளப்பில் தினமும் ஆஜர். தமிழில் பேச ஆள் கிடைக்கவில்லை என்பது மட்டும் குறை.

கட்டுவதுதான் ஆசை என்றால் ஓப்பன்சிமில் சொந்தக் கணினியில் கட்டுங்கள். நாலு பேர் பார்க்க வேண்டும் என்று தோன்றும் அன்று செகண்ட் லைஃபுக்கு வாருங்கள். கட்டியது இரண்டு இடத்திலும் பயன்பட வேண்டுமென்றால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் (5.0-க்கு முந்தைய பதிப்பில்) செய்து கொலாடா வகைக் கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது; அது இரண்டிலும் ஏறும்.

குத்தாலத்து வீட்டைத் தை பிறந்ததும் இடித்துவிட்டார்கள். முற்றமும் தாழ்வாரமும் அதற்குள் முடிந்திருந்தன. அடுக்களையை மட்டும் அளக்கவில்லை. அவள் இப்போது பழைய கல்யாண ஆல்பத்தில் அடுக்களை தெரிகிற படங்களைத் தேடி, பின்னால் நிற்கும் எவர்சில்வர் குடத்தை அளவுகோலாக வைத்து, சுவரின் உயரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஓ.ஏ.ஆர். கோப்பு மூன்று பென் டிரைவில் இருக்கிறது. ஒன்று என் மேசை டிராயரில்.